கிராம்வெல் (எ) வில்லியம்ஸ் (எ) ஸ்மித்

ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் ஒன்று காதில் விழுந்தால் போதும், அதற்குப் பின்னால் ஒரு கோட்டை, ஒரு கேடயம், நாலு சிங்கம், ஓர் இலத்தீன் வாசகம் எல்லாம் வரிசையாக நிற்பதாக நமக்கு ஒரு பிரமை உண்டு. கிராம்வெல் என்ற பெயரின் பூர்வீகத்தைக் கிளறினால் அந்தப் பிரமை ஒரே நாளில் தெளிந்துவிடும். அரசனின் தலையை வாங்கிய பெயர் அது. வாங்கியவருக்குத்தான் அந்தப் பெயர் சொந்தமில்லை.

முதலில் ஊர். நாட்டிங்ஹாம்ஷயரில் ட்ரெண்ட் நதிப் பக்கம் கிராம்வெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வளைந்து நெளிந்து போகும் ஓடையை வைத்து வந்த பெயர். 1066இல் நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தை வளைத்துப் போட்ட பிறகு, நிலம் கிடைத்த துரைமார்கள் நிலத்தின் பெயரையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள். ஊரே என்னுடையது, பெயர் மட்டும் யாருடையதாம்? நிலமில்லாதவனுக்குத் தொழிலே பெயரானது. இரும்படித்தவன் ஸ்மித், ரொட்டி சுட்டவன் பேக்கர். அதுவும் தோதுப்படாதவன் அப்பன் பெயரோடு ஒரு ‘சன்’ ஒட்டிக்கொண்டு ஜான்சன், ராபின்சன் ஆனான். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கு வாலில் ஒரு பெயர் முளைத்துவிட்டது. இதில் பரம சந்தோஷம் வரி வசூலிப்பவருக்குத்தான். ஊரில் பதினாறு ஜான் இருந்தால், பாக்கி வைத்திருக்கும் ஜான் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் அவன் செத்தே போயிருப்பான்.

கிராம்வெல் என்று பெயர் போட்டுக்கொண்ட பிரபுக்களில் பெரிய கை, ரால்ஃப் கிராம்வெல். ஆறாம் ஹென்றியின் கஜானாவை 1433 முதல் 1443 வரை கவனித்துக்கொண்டவர். கஜானாவைக் கவனித்துக்கொள்பவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியத்தையே அவரும் செய்தார்: லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் என்ற இடத்தில் செங்கல்லால் ஒரு பிரம்மாண்டமான கோபுர மாளிகை எழுப்பினார். உள்ளே கணப்படுப்புகளின் மேல் பணப்பைகளைச் செதுக்கிவைக்கச் சொன்னார். பதவிச் சின்னமாம். விருந்தாளிகள் என்ன நினைத்தார்களோ! 1456இல் பிள்ளை இல்லாமல் கண்ணை மூடினார். மாளிகை இன்றும் நிற்கிறது.

நம் கதையின் கிராம்வெல்கள் இந்த மாளிகை வகையறா அல்ல. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் பட்னி என்ற ஊர். அங்கே வால்டர் கிராம்வெல் என்று ஒருவர். பட்டறை வைத்திருந்தார், கம்பளித் துணியை அடித்துக் கெட்டியாக்கும் ஆலை நடத்தினார், ஏல் என்கிற மது காய்ச்சி விற்றார். அன்றைய ஏடுகளில் அவர் சில இடங்களில் கிராம்வெல், சில இடங்களில் ஸ்மித். ‘வால்டர் கிராம்வெல் என்கிற ஸ்மித்.’ நம்மூர் நாளிதழில் குற்றச் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு இந்த ‘(எ)’ நன்றாகவே பரிச்சயம். இந்தக் குடும்பத்துக்கு அது கடைசிவரை விட்டுப் போகவில்லை.

வால்டர் 1475க்கும் 1501க்கும் இடையே ஏல் விற்பனை விதிகளை மீறியதற்காக 48 தடவை அபராதம் கட்டியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஆறு பென்ஸ். மனுஷன் திருந்தவே இல்லையா என்று கேட்டால், அந்த ஆறு பென்ஸ் கிட்டத்தட்ட லைசென்ஸ் கட்டணம் மாதிரிதான், எல்லா ஏல் வியாபாரிகளும் கட்டியதுதான் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். பேசட்டும். நடுவே அவர் ஊர்க் கான்ஸ்டபிளாகவும் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 1514இல் ஊர் நில ஆவணங்களில் கைவைத்து நிலத்தைப் பறிகொடுத்தாரே, அதற்குப் பரிந்து பேச யாருக்கும் வாய் வரவில்லை.

வால்டரின் மகன் தாமஸ். 1485 வாக்கில் பிறந்தவர். அப்பாவோடு ஒத்துப்போகவில்லை, இளவயதிலேயே கடல் தாண்டி ஓடினார். இத்தாலியில் பிரெஞ்சுப் படையோடு திரிந்து, ஃபுளோரன்ஸ் வங்கிக்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டி, ஆன்ட்வெர்ப்பில் துணி வியாபாரிகளோடு பழகி, நாலு பாஷையும் நாற்பது நெளிவுசுளிவும் கற்றுக்கொண்டு லண்டன் திரும்பினார். வக்கீலானார். ராஜாவின் தலைமை அமைச்சர் கார்டினல் உல்சியின் கையாள் ஆனார். 1529இல் உல்சி கவிழ்ந்தபோது அவரோடு இருந்தவர்கள் எல்லாம் மூழ்கினார்கள். தாமஸ் மட்டும் ஈரம்கூடப் படாமல் எட்டாம் ஹென்றியின் பக்கத்தில் கரையேறினார். ராஜாவுக்கு முதல் மனைவியிடமிருந்து விடுதலை வேண்டும், போப் தரமாட்டேன் என்கிறார். தாமஸ் ஒரு வழி சொன்னார்: போப்பிடம் ஏன் கேட்க வேண்டும், நீங்களே திருச்சபைக்குத் தலைவராகிவிடுங்கள். 1534இல் அதற்குச் சட்டமும் வந்தது. அடுத்து மடாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, நிலமெல்லாம் ராஜாவுக்கு. பட்னிக் கொல்லர் மகன் இங்கிலாந்தின் இரண்டாவது ஆள்.

ஆள் பெரியவரானதும் அவருக்கு ஒரு வம்சாவளி தேடும் வேலை தொடங்கியது. அந்தப் பழைய கிராம்வெல் பிரபுக்களின் கேடயச் சின்னத்தையே வைத்துக்கொள்ளுங்களேன் என்று சிலர் குழைந்தார்களாம். அடுத்தவன் சட்டையை நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும், சொந்தக்காரன் வந்து உருவிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று தாமஸ் மறுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தக் கூச்சம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

தாமஸின் அக்கா கேத்தரின். அவள் கட்டிக்கொண்டது மார்கன் வில்லியம்ஸ் என்கிற வேல்ஸ்காரரை. பட்னியிலேயே தொழில், இவருக்கும் ஏல் காய்ச்சுவதுதான். வேல்ஸில் அப்போது குடும்பப்பெயர் என்ற சமாச்சாரமே கிடையாது. மார்கன் ‘ஆப்’ வில்லியம் என்றால் வில்லியம் மகன் மார்கன். அவன் பிள்ளைக்கு மார்கன் என்று முடியும், பேரனுக்கு வேறு. நம் இன்ஷியலை விரித்து எழுதினால் எப்படியோ அப்படி, தலைமுறைக்கு ஒருதரம் மாறிக்கொண்டே போகும். இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஆங்கிலேயன் கேட்கிறானே என்று கைக்குக் கிடைத்த தாத்தா பெயரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

இதில் ஏழைபாழைதான் இப்படி என்று இல்லை. அரியணையில் இருந்த எட்டாம் ஹென்றியின் கொள்ளுத்தாத்தாவே ஓவைன் ஆப் மரெடித் ஆப் டூடர் என்கிற வேல்ஸ்காரர்தான். விதவை ராணியோடு குடித்தனம் நடத்திவிட்டு 1461இல் தலையைக் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலப் பாணியில் வால் ஒட்டியபோது அப்பா பெயரை விட்டுவிட்டுத் தாத்தா பெயரை ஒட்டிவிட்டார்கள். அப்பா பெயரையே ஒட்டியிருந்தால் உலகம் நடுங்கிய டூடர் வம்சம் மரெடித் வம்சம் ஆகியிருக்கும். பாடப்புத்தகத்தில் ‘மரெடித் கால இங்கிலாந்து’ என்று படித்திருப்போம், அதே ஆறு மனைவிகளோடு.

கேத்தரினின் மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ். தாமஸ் 1529இல் எழுதிய உயிலில் இவன் பெயர் வில்லியம்ஸ் என்றே இருக்கிறது. அப்புறம் மாமாவின் கொடி ஏறியது. மருமகன் பெயரும் மாறியது. சில வருஷங்களிலேயே அவன் ரிச்சர்ட் கிராம்வெல். வில்லியம்ஸ் என்றால் பட்னி ஏல் கடை. கிராம்வெல் என்றால் அரண்மனைக் கதவு தானாகத் திறக்கும். அப்பா பெயரை விட்டுத் தாய்மாமன் பெயரை எடுத்துக்கொண்டதில் பாசம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தாய்மாமன் சீராக ஹின்சிங்ப்ரூக் கன்னிமாடமும் ராம்சி மடாலயத்து நிலங்களும் வந்து சேர்ந்தன என்று மட்டும் சொல்கிறேன். காது குத்துக்கு இந்த மாதிரி மொய் வைக்கும் மாமன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கிடையில் மாமா ஒரு காரியம் செய்தார். மடாலயங்களை மூடியதைவிட நீண்ட நாள் நிலைத்த காரியம் அதுதான் என்பது என் எண்ணம். 1538 செப்டம்பரில் நாட்டிலுள்ள ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உத்தரவு போனது: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பெயர் போட்டு ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வாராவாரம் ஞாயிறு பூசைக்குப் பிறகு, சாட்சி வைத்துக்கொண்டு. புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். எழுதாத பாதிரியாருக்கு மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ் அபராதம். ஜனங்கள் பதறினார்கள். ஞானஸ்நானத்துக்கு வரி போடத்தான் இந்தக் கணக்கெடுப்பு என்று ஊர் ஊராக வதந்தி. வரி வரவில்லை, ஆனால் அதுவரை இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த பெயர்களுக்குக் கடிவாளம் வந்தது. இன்று பூர்வீகம் தேடி அலையும் ஆங்கிலேயர்கள் கடைசியில் போய் முட்டிக்கொள்ளும் சுவர் இந்த 1538தான். அப்பா ஸ்மித்தா கிராம்வெல்லா என்று நிச்சயமில்லாத, மருமகன் வில்லியம்ஸா கிராம்வெல்லா என்று நிச்சயமில்லாத ஒரு மனிதர், நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் பெயரை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அந்தப் புத்தகம் நம் கரைக்கும் வந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680இல் திறந்தபோது அங்கும் ஒரு பதிவேடு திறந்தார்கள். முதல் கல்யாணப் பதிவு, அதே வருஷம் நவம்பரில், எலிஹு யேல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும். மாப்பிள்ளை பெயர் பிற்பாடு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர்களுக்கு எங்கே போய் நிற்பது என்ற விவஸ்தையே கிடையாது.

தாமஸுக்கு வருவோம். 1540 ஜனவரியில் ராஜாவுக்கு நாலாவது கல்யாணம் பேசி முடித்துவைத்தார், க்ளீவ்ஸ் நாட்டு ஆனுடன். பெண்ணைப் பார்த்த ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத் தரகர்களுக்கு வசவு சகஜம். தாமஸுக்கு முதலில் எஸ்ஸெக்ஸ் பிரபு பட்டம் வந்தது, ஏப்ரலில். ஜூன் 10ஆம் தேதி ஆலோசனை சபையிலேயே கைது. ஜூலை 28இல் டவர் மலையில் தலை போனது. அதே நாள் ராஜா ஐந்தாவது கல்யாணம் செய்துகொண்டார். கைது செய்தவுடன் ராஜா போட்ட உத்தரவுகளில் ஒன்றைப் பிரெஞ்சுத் தூதர் எழுதிவைத்திருக்கிறார்: இனி அவனை எந்தப் பட்டமும் சொல்லிக் கூப்பிடக்கூடாது, துணி கத்தரிக்கிற தாமஸ் கிராம்வெல் என்றே சொல்ல வேண்டும். பட்டங்களைப் பிடுங்கினார்கள், பிரபு பதவியைப் பிடுங்கினார்கள். கிராம்வெல் என்ற பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். சில மாதம் கழித்து, எவ்வளவு விசுவாசமான வேலைக்காரன், அநியாயமாகக் கொன்றுவிட்டோமே என்று ராஜா புலம்பியதாகவும் அதே தூதர் எழுதுகிறார். தலை போன பிறகு வரும் நற்சான்றிதழ்.

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. தாமஸின் சொந்த மகன் கிரகரி. அப்பாவின் தலை உருண்டு ஐந்து மாதம்கூட ஆகாமல் அதே ராஜா அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். கிரகரியின் மனைவி, செத்துப்போன ராணி ஜேன் சீமோரின் தங்கை. சகலைக்கு எதையும் மறுக்க முடியாதல்லவா? அசல் ரத்தம் ஓடிய இந்தக் கிளை அதற்குப் பிறகு வம்புதும்புக்குப் போகாமல் ராஜவிசுவாசியாகவே காலம் தள்ளியது. நூறு வருஷம் கழித்து உள்நாட்டுப் போர் வந்தபோது இந்த வழிவந்த கிராம்வெல் பிரபு ராஜா பக்கம் நின்று, 1645இல் அயர்லாந்தில் ஆர்ட்கிளாஸ் பிரபு என்று பதவி உயர்வும் பெற்றார். நல்ல பிள்ளைகளுக்கு வரலாற்றில் எப்போதும் கிடைக்கும் இடம் இவர்களுக்கும் கிடைத்தது: அடிக்குறிப்பு.

இரவல் கிளையோ கொழித்தது. ரிச்சர்ட் வில்லியம்ஸ் (எ) கிராம்வெல் 1540 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த ஈட்டிச் சண்டை விளையாட்டில் அடித்து நொறுக்க, ராஜா விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, இனிமேல் நீ என் வைரம் என்று சொன்னதாகக் குடும்பக் கதை. அவர் மகன் சர் ஹென்றி, ஹின்சிங்ப்ரூக் கன்னிமாடத்தை மாளிகையாக்கி, 1564இல் எலிசபெத் ராணிக்கே விருந்து வைத்தார். செலவு செய்த கைவீச்சில் ஊரார் அவரைப் ‘பொன் வீரர்’ என்றார்கள். அவர் மகன் சர் ஆலிவர் அப்பாவையும் மிஞ்சினார். 1603இல் முதலாம் ஜேம்ஸ் ஸ்காட்லாந்திலிருந்து முடிசூட வரும் வழியில் ஹின்சிங்ப்ரூக்கில் தங்கியபோது தங்கக் கோப்பை, குதிரை, வேட்டை நாய், வல்லூறு என்று அள்ளிக் கொடுத்தார். ராஜாவுக்கு இடம் பிடித்துப் போயிற்று, அடிக்கடி வந்தார். ராஜா அடிக்கடி வந்தால் வீடு என்னாகும்? 1627இல் ஹின்சிங்ப்ரூக் விற்பனையானது. மடாலயத்திலிருந்து வந்தது விருந்தில் போயிற்று.

இந்த சர் ஆலிவருக்கு ராபர்ட் என்று ஒரு தம்பி. இளைய மகன்; பங்கு கொஞ்சம். ஹண்டிங்டன் ஊரில் சின்ன வீடு, அங்கே 1599 ஏப்ரல் 25இல் பிறந்தவன்தான் அந்த ஆலிவர். பெரியப்பா பெயரையே வைத்தார்கள். தாய் எலிசபெத், ஸ்டூவர்ட் அல்ல, ஸ்டீவர்ட். ஆனால் ராஜவம்சத்து ஸ்டூவர்ட்டும் ஆதியில் இதே பெயர்தான்: ஸ்காட்லாந்து ராஜாவின் அரண்மனை நிர்வாகம் பார்த்த குடும்பம், உத்தியோகமே பெயரானது, பிற்பாடு பிரெஞ்சு எழுத்துமுறையில் எழுதிப் பளபளப்பாக்கிக்கொண்டார்கள். ஆகப் பிற்பாடு நடந்த சண்டையில் ஒரு பக்கம் மணியக்காரர் பெயர் கொண்ட ராஜா, மறுபக்கம் மாமன் பெயர் கொண்ட விவசாயி.

ஆலிவரின் குழந்தைப் பருவத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. தாத்தா மாளிகையில் வளர்த்த குரங்கு ஒன்று தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறியது, கீழே மெத்தை விரித்துக்கொண்டு எல்லோரும் காத்திருக்க, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பது ஒன்று. ஜேம்ஸ் ராஜாவின் சின்ன மகன் சார்லஸ் ஹின்சிங்ப்ரூக்குக்கு வந்தபோது ஆலிவர் அவன் மூக்கில் குத்தி ரத்தம் வரவழைத்தான் என்பது இன்னொன்று. இரண்டாவது கதை நடந்ததற்கு ஆதாரமில்லை. நடந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று எல்லோருமே நினைத்ததால் நிலைத்துவிட்டது. குரங்கைப் பற்றி ராஜ கட்சிக்காரர்களிடம் கேட்டால், கீழே போட்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டிருப்பார்கள்.

வளர்ந்த ஆலிவர் நாற்பது வயதுவரை எதையும் செய்யவில்லை என்றே சொல்லலாம். கேம்பிரிட்ஜில் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் கொஞ்ச நாள் படிப்பு, 1620இல் கல்யாணம், அப்புறம் நிலபுலன். 1631இல் பத்து பவுண்டு அபராதம் கட்டினார். குற்றம் என்ன? ராஜா முடிசூட்டலுக்குப் போய் ‘சர்’ பட்டம் வாங்கிக்கொள்ளாதது. வேண்டாம் என்றவனிடமும் பட்டத்துக்குக் காசு வாங்கிய ராஜா, முதலாம் சார்லஸ்.

சொத்துப் பத்திரங்களில் குடும்பம் இன்னமும் ‘கிராம்வெல் என்கிற வில்லியம்ஸ்’ என்றே எழுதிக்கொண்டிருந்தது. பெயர் மாற்றி நூறு வருஷமாகியும் வக்கீல்கள் விடவில்லை. ஊருக்கு ஒரு பெயர், பத்திரத்துக்கு இரண்டு. நிலத்தில் வில்லங்கம் வந்தால் எந்தப் பெயரிலும் நிற்கலாமே!

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1642இல் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர், 1644இல் மார்ஸ்டன் மூர், 1645இல் நேஸ்பி, நாற்பது வயதுக்குமேல் வாளெடுத்த விவசாயி தோற்கவே இல்லை. 1649 ஜனவரி 30இல் சார்லஸின் தலை. மரண உத்தரவில் 59 கையெழுத்து, மூன்றாவது ஆலிவருடையது. ‘என்கிற வில்லியம்ஸ்’ அதில் இல்லை. அதே ஆண்டு அயர்லாந்தில் ட்ரோகேடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் அவர் படை நடத்திய கொலைகளால் அந்த மண்ணில் இந்தப் பெயர் சாபச் சொல்லாகவே ஆகிவிட்டது. ‘கிராம்வெல்லின் சாபம் உன்மேல் விழ’ என்று தலைமுறை தலைமுறையாக அங்கே திட்டினார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தச் சாபத்தையும் பாவம், ராஜா கட்சி கிராம்வெல்கள் உட்பட எல்லோரும் பங்குபோட்டுச் சுமந்தார்கள். வேல்ஸில் இருக்கும் லட்சக்கணக்கான வில்லியம்ஸ்கள் மயிரிழையில் தப்பினார்கள்.

லண்டனில் எதிரிகள் கேலிப் பாட்டு கட்டினார்கள். வம்சாவளியைத்தான் குறிவைத்தார்கள், ஆனால் குறி விசித்திரமானது: ஆலிவர் சாராயம் காய்ச்சும் வீட்டுப் பிள்ளை! ஹண்டிங்டன் வீட்டில் ஏல் காய்ச்சியது நிஜம். ஆனால் 48 தடவை ஆறு பென்ஸ் கட்டிய வால்டரும், அவர் மாப்பிள்ளை மார்கனும் இருக்க, இவர்மீது மட்டும் அந்த நுரையைப் பூசியது அநியாயம். பெரிய சிவந்த மூக்கையும் விடவில்லை.

1653இல் நாடாளுமன்றத்தைக் காலி செய்து அனுப்பினார். அதற்குப் பதிலாகப் பக்திமான்களைப் பொறுக்கி ஒரு சபை வைத்தார். அதில் ‘தேவனைத் துதி’ என்ற பொருளில் முதற்பெயர் கொண்ட பேர்போன் என்ற தோல் வியாபாரி இருந்தார். மொத்த சபைக்கும் அவர் பெயரையே வைத்துச் சிரித்தார்கள். அவர் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ‘இயேசு உனக்காக மரிக்காவிட்டால் நீ நரகத்தில் விழுந்திருப்பாய்’ என்கிற பொருளில் ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்தார்கள் என்று சொல்வார்கள். பிள்ளை வளர்ந்து நிக்கலஸ் பார்பன் என்று சுருக்கிக்கொண்டு, லண்டன் வீடுகளுக்குத் தீ விபத்து இன்சூரன்ஸ் விற்றுப் பணம் பண்ணினார். நரகத்தின் நினைவு முழுக்கப் போகவில்லை போலும்.

அதே வருஷம் டிசம்பரில் ஆலிவர் லார்டு புரொடெக்டர் ஆனார். அதாவது ராஜா, ஆனால் ராஜா என்று சொல்லக்கூடாது. 1657இல் நாடாளுமன்றமே கிரீடத்தை நீட்டியது. வாரக்கணக்கில் யோசித்து மே 8இல் வேண்டாம் என்றார். ஜூனில் மறுபடி பதவியேற்பு விழா. முடிசூட்டும் நாற்காலியைத் தேவாலயத்திலிருந்து தூக்கிவந்து போட்டார்கள், ஊதா அங்கி, செங்கோல் எல்லாம் இருந்தன, கிரீடம் மட்டும் மிஸ்ஸிங். இதில் நம் கதைக்கு வேண்டியது அவர் கையெழுத்து. ராஜாக்களுக்கு வால் பெயர் கிடையாது. ‘சார்லஸ் ஆர்’ என்று போட்டால் தீர்ந்தது. புரொடெக்டரும் அதே மாதிரி ‘ஆலிவர் பி’ என்று கையெழுத்திட்டார். கொள்ளுத்தாத்தா பெற்ற தகப்பன் பெயரை விட்டு, மாமன் பெயரை எடுத்து, அதைக் காப்பாற்ற மூன்று தலைமுறை கடன்பட்டு, கடைசியில் கொள்ளுப்பேரன் இரண்டையுமே தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

அந்த ‘பி’ போட்டவரின் தயவில்தான் அதே 1657இல் கிழக்கிந்தியக் கம்பெனி உயிர் பிழைத்தது. கடையை மூடி எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்றிருந்த கம்பெனிக்கு அக்டோபரில் புதிய சாசனம் கிடைத்தது. நிரந்தர மூலதனம் சேர்ந்தது. நம் ஜார்ஜ் கோட்டைக்காரர்களுக்கு அப்புறம் சம்பளத்துக்குப் பஞ்சமில்லை. ராஜா திரும்பி வந்ததும் 1661இல் அவரிடமும் ஒரு சாசனம் வாங்கிவைத்துக்கொண்டது கம்பெனி. கம்பெனிக்கு யார் பெயரும் ஒன்றுதான்.

1658 செப்டம்பர் 3இல் ஆலிவர் செத்தார். அதற்குப் பிறகு கிராம்வெல் என்ற பெயரின் சந்தை விலை இறங்கிய வேகத்தை இன்றைய ஷேர் மார்க்கெட்கூடப் பார்த்ததில்லை. மகன் ரிச்சர்ட் எட்டு மாதம் புரொடெக்டராக இருந்தார். பட்டாளத்துக்கும் பிடிக்கவில்லை, கடன்காரர்களுக்கும் பொறுமையில்லை. ‘கவிழ்ந்த டிக்’ என்று பெயர் வைத்தார்கள். 1660இல் ராஜா இரண்டாம் சார்லஸ் திரும்பியதும் டிக் பிரான்ஸுக்கு ஓடி, அங்கே ஜான் கிளார்க் என்று தலைமறைவாக வாழ்ந்தார். பல வருஷம் கழித்து ஊர் திரும்பி, செஷண்டில் ஒரு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்து, 1712இல் 85 வயதில் நிம்மதியாகச் செத்தார். ஆண்ட ஆங்கிலேயர்களில் இத்தனை வயது வாழ்ந்தவர் கிடையாது, 2012இல் இரண்டாம் எலிசபெத் அவரைத் தாண்டும்வரை. கடைசிக் காலத்தில் பிரபுக்கள் சபை பக்கம் போனபோது, இங்கே எப்போது கடைசியாக வந்தீர் என்று யாரோ விவரம் தெரியாமல் கேட்க, சிம்மாசனத்தைக் காட்டி, அதில் உட்கார்ந்ததற்கப்புறம் வரவில்லை என்றாராம். நிஜமோ பொய்யோ, அந்தக் குடும்பத்தில் நகைச்சுவை உணர்வு இருந்தது இவருக்குத்தான்.

ராம்சியில் இருந்த சொந்தக்காரர்களோ இன்னும் விவரம். சர் ஆலிவரின் பேரன் ஹென்றி கிராம்வெல், ராஜா திரும்பிவந்த உடனே ஹென்றி வில்லியம்ஸ் ஆகிவிட்டார். பத்திரத்தில் அந்த ‘என்கிற வில்லியம்ஸ்’ஐ அழிக்காமல் வைத்திருந்த வக்கீல்கள் வாழ்க! மாமன் பெயரால் ஏறிய குடும்பம் அப்பன் பெயரைப் பிடித்து இறங்கியது. அவர் நாடாளுமன்றத்திலும் தொடர்ந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ள முடியாத கிராம்வெல் ஒருவர் மிச்சமிருந்தார். 1661 ஜனவரி 30இல், சார்லஸ் தலை போன அதே தேதியில், ஆலிவரின் உடலைத் தோண்டியெடுத்து டைபர்னில் தூக்கிலிட்டார்கள். செத்து இரண்டரை வருஷமான ஆளுக்குத் தூக்கு. பிறகு தலையைக் கொய்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கம்பத்தில் குத்திவைத்தார்கள். இருபது வருஷத்துக்குமேல் அங்கே இருந்த தலை, ஒரு புயலில் கீழே விழுந்தது. காவலாளி எடுத்துப் போய்விட்டான் என்கிறார்கள். அப்புறம் அது கைமாறிய கதை நிலம் கைமாறிய கதையைவிட சுவாரசியம். 1710இல் ஒரு காட்சிசாலையில் இருந்தது. பிறகு தன்னைக் கிராம்வெல் உறவு என்று சொல்லிக்கொண்ட ஒரு குடிகார நடிகரிடம் போனது. அவருடைய கடனுக்காக 1787இல் ஜேம்ஸ் காக்ஸ் என்பவர் 118 பவுண்டுக்கு எழுதிவாங்கிக்கொண்டார். 1799இல் 230 பவுண்டுக்கு விற்றார். உயிரோடிருந்தபோது அந்தத் தலைக்கு ராஜா போட்ட அபராதம் பத்து பவுண்டு என்பதை நினைத்தால் நல்ல முதலீடு. கடைசியில் வில்கின்சன் என்ற குடும்பத்தாரிடம் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷம் இருந்துவிட்டு, 1960 மார்ச் 25இல் பழைய கல்லூரியான சிட்னி சசெக்ஸில் அடக்கமானது. சரியான இடத்தைச் சொல்லமாட்டார்கள். பழைய அனுபவம்!

இதற்குள் பெயரின் விலை மறுபடி ஏறியிருந்தது. 1895இல் நாடாளுமன்றத்தின் எதிரே ஆலிவருக்குச் சிலை வைக்க அரசு பணம் கேட்டபோது அயர்லாந்து உறுப்பினர்கள் பொங்கி எழுந்து தடுத்துவிட்டார்கள். முன்னாள் பிரதமர் ரோஸ்பெரி பெயர் சொல்லாமல் சொந்தக் காசைக் கொடுக்க, 1899இல் சிலை எழுந்தது. பெயர் பிரச்சினைக்குப் பெயரில்லாத நன்கொடை.

1911இல் கடற்படை அமைச்சராக வந்த வின்ஸ்டன் சர்ச்சில், புதுப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஆலிவர் கிராம்வெல்’ என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடியாது என்றார். சர்ச்சில் விடவில்லை, அடுத்த வருஷமும் கேட்டார். மன்னர் அடுத்த வருஷமும் முடியாது என்றார். ராஜாவின் தலையை வெட்டியவன் பெயரில் ராஜாவின் கப்பலா? கடற்படையில் பெரிய பொறுப்பிலிருந்த பேட்டன்பெர்க் இளவரசர் லூயியும், மன்னர் சொன்னால் விட்டுவிடுங்கள் என்று சர்ச்சிலுக்குப் புத்தி சொன்னார்.

ஐந்து வருஷம் போனது. ஜெர்மனியோடு போர். கோதா என்ற பெயர் கொண்ட ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்து ராஜகுடும்பத்தின் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோதா. 1917 ஜூலை 17இல் ஐந்தாம் ஜார்ஜ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தங்கள் கோட்டையின் பெயரான விண்ட்சரை எடுத்துக்கொண்டார். நார்மன் துரைமார் கண்டுபிடித்த அதே பழைய வழி. அதே மாதத்தில் பேட்டன்பெர்க் லூயியும் மவுண்ட்பேட்டன் ஆனார். கிராம்வெல் என்ற பெயர் வேண்டாம் என்று சொன்ன இருவரும் சொந்தப் பெயரை மாற்றிக்கொண்டு நின்றார்கள். கிராம்வெல் குடும்பத்தில் இதெல்லாம் தலைமுறைக்கு ஒருதரம் நடப்பது.

கப்பல் கிடைக்காத சர்ச்சில் இரண்டாம் உலகப்போரில் பிரதமரானார். அவர் பெயரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் ஒரு டாங்கி செய்தது. 1944இல் நார்மண்டியில் இறங்கிய இன்னொரு டாங்கிக்குக் கிராம்வெல் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜின் மகன்தான் அப்போது மன்னர். சர்ச்சில் டாங்கி மணிக்கு 24 கிலோமீட்டர் போகும். கிராம்வெல் 64.